ஆளுக்கொரு சுவர்

ஐஸ்காரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சண்டையே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்பு கூடிப்போனால் வரும். குடையைத் தொலைத்துவிட்டு வந்தால் வரும். அவனுடைய குறட்டைக்காகவே மாதத்தில் பாதி நாள் வரும். சாமிக்காக மட்டும் வந்ததில்லை. அதுதான் தெருவுக்கே அதிசயம். ஏனென்றால் அவன் சாமி வேறு, அவள் சாமி வேறு.

மீன்துறைச் சுவரை ஒட்டி இருந்த பழைய கட்டடம்தான் ஐஸ் கம்பெனி. உள்ளே தரையோடு தரையாக ஒரு பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் இடுப்புயரத் தகர டின்கள் வரிசையாக இறங்கி நிற்கும். டின்னுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர், வெளியே சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரின் குளிரில் மறுநாளைக்குள் பாறையாகிவிடும். சங்கிலிக் கொக்கியில் டின்னைத் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழும். அதை இரும்புக் கொக்கியால் இழுத்துப் போய் அரைக்கும் இயந்திரத்தின் வாயில் தள்ளுவது அவன் வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவன் உள்ளங்கை சில்லென்றுதான் இருக்கும். அமோனியா நெடி சட்டையை விட்டுப் போனதே இல்லை.

பக்கத்துக் கட்டடம் இறால் உரிக்கும் கொட்டகை. அங்கிருந்து கூடையோடு ஐஸ் வாங்க வந்தவள் அவள். "கொஞ்சம் பெரிய துண்டாப் போடுங்க, கொட்டகைக்குப் போறதுக்குள்ள பாதி தண்ணியாப் போயிடுது" என்றாள். கூடையின் அடி பிய்ந்து போகிற அளவுக்குப் பெரிய துண்டாகப் போட்டான். புதுக்கூடை வாங்கிக் கொடுக்கப் போனதில் ஆரம்பித்த கதை அது.

இரண்டு வீட்டிலும் இனி வாசல்படி ஏறாதே என்று சொல்லிவிட்டார்கள். வாடகைக்கு ஒற்றை அறை எடுத்துக் குடி போன அன்றைக்கே அவள் கணக்கைத் தீர்த்துவிட்டாள்.

"இங்க பாருங்க. கிழக்குச் சுவர் உங்களுக்கு. மேற்குச் சுவர் எனக்கு. நடுவுல பாய்."

"பாய்ல எந்தச் சாமியும் வரக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றான் அவன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிழக்குச் சுவரில் அவனுடைய சாமி படமும் விளக்கும். மேற்குச் சுவரில் ஓர் ஆணி, அதில் தொங்கும் துணிப்பையில் அவளுடைய வேதப் புத்தகம். அவன் விளக்கேற்றும்போது அவள் வாசலைப் பெருக்குவாள். அவள் ஜெபம் சொல்லும்போது அவன் ரேடியோவை நிறுத்துவான். ஒருவரையொருவர் வா என்று கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டதுமில்லை.

ஒரே மகள். உருவத்தில் சிறுத்து, பேச்சில் காரம் ஏறிப்போனதால் தெருவில் அவளுக்கு மிளகு என்று பெயர். பெரியவளானதும் எந்தச் சுவர் என்று அவளே முடிவு பண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அவள் முடிவு பண்ணுகிற வழியாக இல்லை. பரீட்சை வந்தால் கிழக்கே ஒரு கும்பிடு, மேற்கே ஒரு ஜெபம். "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். யாரு முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குத்தான் நன்றி" என்பாள். படித்து முடித்து மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வேலையாக அப்பனைக் கொண்டுபோய் உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இத்தனை நாள் இது சலூன்னு நெனச்சேன்" என்றான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. படகுகள் கரையில் கிடந்தன. மீன் வராததால் ஐஸுக்கும் கேட்பாரில்லை. கட்டிகளை மரத்தூளில் புதைத்து அடுக்கிவைத்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூசணம் பூத்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மிளகுக்கு மட்டும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நெருக்கியடித்து வரிசையாகக் கட்டில்கள். அவள் தலையணைக்கு அடியில் அம்மா தன் புத்தகத்தை வைத்தாள். அவன் கோயிலிலிருந்து கொண்டுவந்த பூவைத் தலைமாட்டில் வைத்தான். புத்தகத்தை அவன் எடுக்கச் சொல்லவில்லை. பூவை அவள் நகர்த்தவில்லை. இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை மகள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேக்காதீங்க" என்றாள். "லைன் பிஸியாயிடும்."

அதன்பிறகு அவள் பேசியது எதுவும் புரிகிறமாதிரி இல்லை. மறுநாள் காலை, மழை சற்று வெறித்திருந்த நேரத்தில், மூச்சு நின்றது.

வீட்டில் பெஞ்சை நடுவில் போட்டுக் கிடத்தினார்கள். கம்பெனியிலிருந்து கம்ப்ரசர் கைவண்டியில் ஐஸ் கொண்டுவந்தான். கம்ப்ரசர் என்பது ஆள். வாய் ஓயாமல் ஓடுவதால் வந்த பட்டப்பெயர். அன்றைக்கு அந்த வாயும் நின்றிருந்தது. கட்டியைச் சாக்கில் சுற்றி உடைத்து, பெஞ்சுக்கு அடியிலும் பக்கத்திலும் அடுக்கினான். ஐஸ்காரன் குனிந்து ஒரு துண்டை நகர்த்தி வைத்தான். எந்தக் கட்டி எத்தனை நேரம் தாங்கும் என்று பார்த்ததுமே சொல்லிவிடுகிறவன். அப்போது அது தெரிந்திருப்பதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

தகவல் போனதும் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். கல்யாணத்துக்கு வராதவர்கள், பிள்ளை பிறந்ததற்கு வராதவர்கள். அவனுடைய அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். தம்பியின் தோளைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, காரியத்துக்கு வந்தார்.

"விறகு சொல்லிட்டேன்டா. மழையில நனைஞ்சது வேண்டாம், உள்ள அடுக்குன காஞ்ச கட்டையாப் பாத்து எடுன்னு சொல்லியிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்."

அவன் தலையை ஆட்டினான். பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நிமிர்ந்தாள்.

"விறகு எதுக்கு?"

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுக்கு விறகு? யாரை எரிக்கப் போறீங்க?"

அவளுடைய அக்கா ஓடிவந்து அவள் தலையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "ஜெபக்கூடத்துப் பெரியவர்கிட்ட நம்ம மண்ணுல இடம் கேட்டு ஆள் போயிருக்கு. நீ அழாத" என்றாள். அப்போதுதான் ஐஸ்காரனுக்கு விஷயம் உறைத்தது. இத்தனை வருடத்தில் அவர்கள் பேசாமல் விட்டது ஒன்றே ஒன்று, அதுவும் இதுதான்.

அவன் எழுந்து பின்பக்கம் துவைக்கிற இடத்துக்குப் போனான். அவளும் பின்னாலேயே வந்தாள். தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்திருந்தது. சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"எரிக்க வேண்டாங்க" என்றாள்.

"வேற என்ன பண்றது?"

"புதைப்போம். கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிப்போம். நான் எந்திரிச்சுப் பக்கத்துல பாத்தா அவ இருக்கணும். சாம்பலாக்கிட்டா எதை வச்சு எந்திரிப்பா?"

அவன் அவளைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எரிக்கலன்னா அவ போகவே மாட்டா" என்றான். "உடம்பு இருக்கிற வரைக்கும் உசுரு அதைச் சுத்திக்கிட்டே கெடக்கும். வழி தெரியாம. இருட்டுன்னா அவளுக்கு எவ்வளவு பயம்னு உனக்குத் தெரியும். இந்த ஈரத்துல, மண்ணுக்குள்ள, எப்படி விட்டுட்டு வரச் சொல்ற?"

"இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?"

"நீ நம்புறியா?"

"நம்பாமலா தினமும் சொல்றேன்?"

"ஒரு நாளும் நீ இதை எங்கிட்டச் சொன்னதில்லையே."

"நீங்களும்தான் சொன்னதில்ல."

மழைத்தண்ணீர் துவைக்கிற கல்லில் தெறித்து இருவர் காலிலும் பட்டது. அவனுக்கு வேறொன்று தோன்றியது. கேட்டிருக்கக்கூடாது. கேட்டான்.

"அப்ப நான்? நான் எரிஞ்சு போறவன்தானே. அந்த நாள்ல எந்திரிச்சு நீ என்னைத் தேட மாட்டியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்காகவும் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரிஞ்சேதான் எங்கூட இருந்தியா? இத்தனை வருஷமா? இவன் வேற வழிக்குப் போறவன்னு தெரிஞ்சேவா எனக்குச் சோறு போட்ட?"

"தெரிஞ்சேதான். அதனாலதான் இங்க இருக்கிற வரைக்குமாவது நல்லாப் பாத்துக்கணும்னு நெனச்சேன்."

துக்கத்தில் வாய் எதையாவது கடித்துக் குதறத் தேடும். அவன் வாய்க்கு அகப்பட்டது இதுதான்: "நீ கேட்டதெல்லாம் உன் சாமி குடுத்த லட்சணத்தைத்தான் பாத்தோமே."

"உங்க சாமி மட்டும் என்னத்தைக் கிழிச்சுது?" என்றாள் அவள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டிக் காத்தது நாலு வார்த்தையில் போயிற்று.

முன்பக்கம், இடம் கேட்கப் போன ஆள் திரும்பி வந்துவிட்டது. அக்கா முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே அவனிடம் வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. கையைப் பிசைந்துகொண்டுதான் பேசினாள்.

"தம்பி, இடம் குடுக்கிறாங்களாம். ஆனா பொண்ணு பேரு நம்ம கூடத்துல இல்ல. அப்பா வெளி ஆளு. அப்பா நம்ம ஆளாயிட்டா பொண்ணும் நம்ம பொண்ணாம். பெரியவரே வந்திருக்காரு, தெருமுனையில நிக்கிறாரு. நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை, 'உங்க சாமிதான் என் சாமி'ன்னு. அவ்வளவுதான். சொல்லிட்டா இப்பவே குழி வெட்டிடுவாங்க."

வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணன் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்ரசர்தான் காதருகே வந்தான்.

"சொல்லிடுப்பா. நாக்கு என்ன தேஞ்சா போயிடும்? நாளைக்கு உன் விளக்கை நீ ஏத்து, யாரு வந்து பாக்கப்போறா?"

அவன் மனைவி எழுந்து வந்து, எல்லோர் முன்பும், அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இறால் ஓடு கீறிக் கீறித் தடித்துப்போன விரல்கள்.

"நான் உங்ககிட்ட இதுவரைக்கும் இப்படி எதுவும் கேட்டதில்ல. சொல்லுங்க. பொய்யாச் சொன்னாலும் போதும். என் பிள்ளை எனக்கு வேணும்."

அவன் வாயைத் திறந்தான். பொய்தானே, சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் மகள் அந்த அறையை விட்டு இன்னும் போகவில்லை என்று அவன் நம்பினான். உத்தரத்துக்குக் கீழே எங்கோ, சுவரோரம் ஒடுங்கிக்கொண்டு, அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதாகவே அவனுக்குப் பட்டது. இந்த வார்த்தையைச் சொன்னால் அவளை மண்ணுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டதுபோல் ஆகிவிடும். அதுவும் இருந்தது. இத்தனை வருடம் கழித்து வந்து நிற்கிற அண்ணன் முன்னால் தலை குனிவதா என்பதும் இருந்தது. எது எவ்வளவு என்று பிற்பாடு அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐஸ் உருகி, பெஞ்சுக்கு அடியிலிருந்து தண்ணீர் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கையை விடுவித்துக்கொண்டான்.

"அண்ணே" என்றான். "தூக்குங்க."

அவள் அலறவில்லை. பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டாள். அக்காதான் விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள்.

தெருமுனையில் கூடத்துப் பெரியவர் குடைக்கு அடியில் நின்றிருந்தார். அவர்கள் கடந்து போகும்போது குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார். அது மரியாதைக்கா, வேறு எதற்கா என்று அவன் யோசிக்கவில்லை. காய்ந்த விறகு என்று அண்ணன் சொன்னதும் வீண்தான். சுடுகாட்டில் கூரை இருந்தும் சாரலில் நனைந்து, புகைந்து புகைந்து, வெகுநேரம் கழித்துத்தான் பிடித்தது. மறுநாள் சாம்பலை அள்ளிக்கொண்டு போய்க் கடலில் விட்டான்.

மழை நின்றது. படகுகள் கடலுக்குப் போயின. ஐஸுக்கு மறுபடி அடிபிடி. அவன் டின்களைத் தூக்கினான், கவிழ்த்தான், இழுத்தான். அவள் கொட்டகைக்குப் போனாள், வந்தாள். சோறு வைத்தாள். "தண்ணி வந்துடுச்சு", "வாடகை கேட்டாங்க", "மண்ணெண்ணெய் தீந்துடுச்சு" என்று தேவைக்குப் பேசினாள். சண்டை எதற்கும் வரவில்லை. உப்பு கூடினால் அவன் பேசாமல் தின்றான். குறட்டைக்குக்கூட அவள் அவனை உலுக்கவில்லை. நடுவில் கிடந்த பாயில் ஆளுக்கொரு ஓரம்.

வெகுநாள் கழித்துத்தான் அவன் அதைக் கவனித்தான். மேற்குச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பையைக் காணோம்.

"புத்தகம் எங்க?" என்று கேட்டான்.

"அக்காகிட்டக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"எதுக்கு இங்க சும்மா தொங்கணும்?"

"ஜெபம்?"

"சொல்றதில்ல."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைத் தட்டிவிட்டு, கோபமில்லாத குரலில் சொன்னாள்: "எந்திரிச்சு யாரைப் பாக்கப் போறேன்? அதுக்கு எந்திரிக்காமலே இருந்துடலாம்."

அவன் வெளியே வந்து நின்றான். மகளுக்கு வழி கிடைத்துவிட்டது, வெளிச்சத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவன் நம்பினான். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் எழுந்து வேலைக்குப் போனான். மனைவிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றையும் அவன்தான் விறகில் வைத்தான்.

வேலை முடிந்த ஒரு மாலை, கூடத்துப் பெரியவரைத் தேடிப் போனான். அவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு பெரிய பூட்டைக் கழற்றிப் பரப்பிவைத்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். இவனை அடையாளம் தெரிந்ததும் முக்காலியை நகர்த்திப் போட்டார். டீ சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் ஐஸ்காரன். "எரிச்ச உடம்பு எந்திரிக்குமா, எந்திரிக்காதா? உங்க வழியில என்ன சொல்லியிருக்கு?"

பெரியவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சொல்லிக்குடுத்தது உடம்பை மண்ணுலதான் ஒப்படைக்கணும்னு."

"எரிச்சிட்டா?"

"அதைத்தான் சொன்னேனே."

"வேற வழியே இல்லையா? ஏதாவது செய்யலாம், வேண்டிக்கலாம், அப்படி ஒண்ணும் இல்லையா?"

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எனக்கும் பொண்ணு இருக்குப்பா. உங்க வேதனை எனக்குத் தெரியாம இல்ல."

"அவ ஜெபத்தை விட்டுட்டா. அவகிட்ட நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்க. எந்திரிப்பான்னு. ஆறுதலுக்காவது."

பெரியவர் வெகுநேரம் பூட்டின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுதலுக்காக மாத்திச் சொல்ற உரிமை எனக்கு இல்லையே" என்றார். "நான் வேலைக்காரன். முதலாளி இல்ல."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தான்.

வீட்டுக்குப் போனபோது அவள் பின்பக்கம் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இறால் நாற்றம் போக அவள் தினமும் செய்கிற வேலை. அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான்.

"கூடத்துப் பெரியவரைப் பாத்தேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கேட்டேன். எரிச்சவங்க எந்திரிப்பாங்களான்னு."

கை நின்றது.

"என்ன சொன்னாரு?"

"எந்திரிப்பாங்களாம்."

அவள் திரும்பவில்லை. அவன் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததுதான். ஆனாலும் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

"ஒண்ணுமே இல்லாததுல இருந்து எல்லாத்தையும் படைச்சவரு. அவருக்குச் சாம்பல் கெடைச்சா போதாதான்னு கேட்டாரு."

"சாம்பல்தான் கடல்ல போயிடுச்சே."

"கடல் எங்க போயிடும்? அதுவும் அவரு கையிலதானே இருக்கு. பொறுக்கி எடுத்துடுவாராம். ஒரு தூள் விடாம."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

"பூட்டுக்கடைப் பெரியவரா? அவரு வாயாலயா?"

"ஆமான்னு சொல்றேன்ல."

அவள் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள். புடவையில் துடைத்தாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் போயிருந்தேன்" என்றாள். "புத்தகத்தைக் குடுக்கிறதுக்கு முன்னால. எனக்கு வேற மாதிரி சொன்னாரு."

அவனுக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் வந்து நிலைப்படியில், அவனுக்குப் பக்கத்தில், இடம் ஒடுக்கி உட்கார்ந்தாள். எலுமிச்சை வாசனையும் அதற்கு அடியில் போகாத இறால் வாசனையும் வந்தன.

"கடலைப் பத்திச் சொன்னீங்களே" என்றாள். "அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.